மேடையில நிக்கிற பொருள் எப்போ பேச ஆரம்பிக்குது? குறியீட்டு மேடை அமைப்பு, முதல்ல இருந்து

மேடையில ஒரே ஒரு நாற்காலி கிடக்குதுன்னு வச்சுக்குவோம். வேற எதுவும் இல்ல. லைட் வருது. யாரோ வந்து உக்காரப் போறாங்கன்னு நினைப்பீங்க, அவ்ளோதான். இப்போ நாலு பேர் உள்ள வராங்க, மூணு பேர் தரையில உக்காருறாங்க, நாலாவது ஆள் நின்னுட்டே இருக்கான், நாற்காலி பக்கம் யாருமே போகல. இன்னும் ஒரு வார்த்தை கூட யாரும் பேசல. ஆனா உங்களுக்கு புரிஞ்சு போச்சு, அந்த நாற்காலி யாரோ ஒருத்தரோடது, அவர் இங்க இல்ல, இல்லாமலே இந்த நாலு பேரையும் ஆட்டி வச்சிட்டு இருக்கார். பத்து நிமிஷம் கழிச்சு அதுல ஒருத்தன் மெதுவா போய் நாற்காலியோட கைப்பிடியில கை வச்சான்னா மொத்த அரங்கமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாக்கும்.

நாற்காலி மாறவே இல்ல. அதே மரம், அதே நாலு கால். அதைச் சுத்தி மனுஷங்க நடந்துக்கிட்ட விதம் தான் அதுக்கு அர்த்தம் குடுத்துச்சு. குறியீட்டு மேடை அமைப்பு பத்தி புதுசா வர்றவங்க கேட்டா நான் முதல்ல சொல்றது இது தான். குறியீடை கடையில வாங்கி மேடையில வைக்க முடியாது, நடிகர் அதோட ஒரு உறவு வச்சுக்கணும், நேரம் போகப் போக அந்த உறவு மாறணும், அப்போ தான் அது பிறக்கும்.

கதைங்கிறது வேற, கருத்துங்கிறது வேற, இதை மட்டும் முதல்ல பிரிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் சுலபம். ‘அப்பா செத்ததும் பிள்ளைங்க வீட்டைப் பிரிக்கிறாங்க’, இது கதை. ‘ஒரு குடும்பத்தோட நினைவுல யாருக்கு இடம் உண்டு, அதை யார் முடிவு பண்றது’, இது கருத்து, தீம்னு சொல்றோமே அது. சாதாரண செட் கதைக்கு இடம் குடுக்கும், வீடுன்னா வீடு, ஆபீஸ்னா ஆபீஸ், அதுல ஒரு குறையும் இல்ல. குறியீட்டு செட் அந்தக் கருத்தையே கண்ணுல படுற மாதிரி, நடிகர் கையால தொடுற மாதிரி கொண்டு வந்து வைக்கப் பாக்கும். ஏன்னா கருத்தை வசனம் நேரா சொல்லிட்டா அது பிரசங்கம் ஆயிடும், ஆடியன்ஸ் தலையாட்டிட்டு மறந்துடுவாங்க, அதனால தான் பொருளும் வெளிச்சமும் காலி இடமும் அந்த வேலையைச் செய்ய வேண்டி வருது.

குறியீடுன்னதும் நிறைய பேர் கறுப்புத் துணி, முகமூடி, யாருக்கும் புரியாத நவீன நாடகம்னு நினைச்சு ஒதுங்கிடுறாங்க. அச்சு அசல் வீடு மாதிரி போட்ட செட்லயும் இது நடக்கும். 1879ல வந்த இப்சனோட ‘பொம்மை வீடு’ எடுத்துக்கோங்க. முதல் அங்கத்துல கதாநாயகி நோரா கிறிஸ்துமஸ் மரம் வாங்கிட்டு வரா, பிள்ளைங்க கண்ணுல படாம ஒளிச்சு வைக்கச் சொல்றா, அப்புறம் அவளே அதை அலங்காரம் பண்றா. ரெண்டாவது அங்கம் திறக்கும்போது அதே மரம் ஒரு மூலையில நிக்குது, அலங்காரம் எல்லாம் பிச்சு எடுத்தாச்சு, மெழுகுவர்த்திங்க எரிஞ்சு அடிக்கட்டை மட்டும் மிச்சம். பண்டிகை நடந்த வீட்ல மரம் அப்டி இருக்கறது சகஜம் தான், யாரும் அதைப் பத்தி மேடையில பேசுறதும் இல்ல. ஆனா அலங்காரப் பொம்மையா வாழ்ந்த ஒரு பொண்ணோட உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு அந்த மூலை சொல்லிடுது. நாடகம் முடியறப்போ நோரா வீட்டை விட்டே போயிடுறா, கீழ வாசக்கதவு சாத்துற சத்தம் மட்டும் கேக்கும், கதவை நாம பாக்கவே மாட்டோம். சத்தமும் மேடை அமைப்புல சேத்தி தான், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

இன்னொரு மரம் இருக்கு, இன்னும் எளிமையானது. பெக்கெட்டோட ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’, 1953 ஜனவரியில பாரிஸ்ல முதல் தடவை மேடை ஏறுச்சு. மேடைக்குன்னு அவர் குடுத்தது ஒரு கிராமத்து ரோடு, ஒரு மரம், சாயங்காலம், அவ்ளோதான். முதல் அங்கத்துல மரம் மொட்டை. ரெண்டாவது அங்கத்துல நாலஞ்சு இலை முளைச்சிருக்கு. ரெண்டு பேர் வராத ஒருத்தருக்காக காத்துட்டே இருக்காங்க, நேத்து நடந்தது கூட அவங்களுக்கு சரியா ஞாபகம் இல்ல, இதுக்கு நடுவுல அந்த நாலஞ்சு இலை என்ன சொல்லுது? நம்பிக்கைன்னு ஒருத்தர் சொல்லுவார். இல்ல, இவங்க சும்மா இருக்கும்போது உலகம் பாட்டுக்கு போயிட்டே இருக்குன்னு இன்னொருத்தர் சொல்லுவார். அந்த மரத்துல தூக்கு போட்டுக்கலாமான்னு அவங்களே பேசுறாங்க, அதனால அது சாவாவும் இருக்கு. ரெண்டு பேர் ரெண்டு விதமா படிச்சும் ரெண்டு பேரும் தப்பில்லங்கிற இடத்துல தான் குறியீடு உயிரோட இருக்கு. 1961ல பாரிஸ் ஓடியோன் அரங்கத்துல இதை மறுபடி போட்டப்போ அந்த மரத்தை செஞ்சு குடுத்தவர் சிற்பி ஜியாகொமெத்தி, அவ்ளோ பெரிய கலைஞர் ஒரு மொட்டை மரத்துக்காக மெனக்கெட்டிருக்கார்னா அந்த மரத்து மேல எவ்ளோ பாரம் இருக்குன்னு பாத்துக்கோங்க.

சரி, இப்போ நகர்ற ஒரு பொருளைப் பாப்போம், எனக்கு இதை விட நல்ல பாடம் கிடைச்சதில்ல. பிரெக்ட் எழுதுன ‘அன்னை துணிச்சலும் அவள் பிள்ளைகளும்’. ஐரோப்பாவுல 17ஆம் நூற்றாண்டுல நடந்த முப்பதாண்டுப் போர் தான் பின்னணி. ஒரு அம்மா, ஒரு வண்டி, அதுல சாமான் ஏத்திட்டு படைங்க பின்னாடியே போய் வியாபாரம் பண்றா. போர் தான் அவளுக்கு சோறு போடுது, அதே போர் தான் அவ பிள்ளைங்கள ஒவ்வொண்ணா தின்னுடுது. 1941ல சூரிக்ல முதல் தடவை போட்டாங்க, டியோ ஓட்டோ தான் டிசைனர். 1949ல பெர்லின்ல பிரெக்ட் தானே சேந்து இயக்கினப்போ அவரோட மனைவி ஹெலன வைகல் அம்மாவா நடிச்சாங்க.

ஆரம்பத்துல ரெண்டு மகன்களும் மாடு மாதிரி வண்டியை இழுத்துட்டு வராங்க, அம்மாவும் ஊமைப் பொண்ணு கத்ரினும் மேல ஜம்முனு உக்காந்திருக்காங்க. அதை அப்டியே மனசுல வச்சுக்கோங்க. ஒரு மகன் போறான், இன்னொருத்தன் போறான், வண்டி ஒரு சீன்ல நல்லா சாமான் தொங்க செழிப்பா இருக்கு, இன்னொரு சீன்ல கிழிஞ்சு போய் நிக்குது. கடைசியில மூணு பிள்ளைங்களும் இல்ல. வயசான அந்த அம்மா தனியா குனிஞ்சு, தானே கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அந்த வண்டியை இழுத்துட்டு மறுபடி படை பின்னாடி போறா. பெர்லின்ல சுழல் மேடை வச்சிருந்தாங்க, தரை ஒரு பக்கம் சுத்த அவ எதிர்ப்பக்கம் நடக்கறா, அப்போ என்ன ஆகும்? நடந்துட்டே இருப்பா, எங்கயும் போய்ச் சேர மாட்டா. இதை ஒரு வசனத்துல எழுதிப் பாருங்க, எவ்ளோ நல்லா எழுதினாலும் அந்தக் குனிஞ்ச முதுகு பக்கத்துல அது நிக்காது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, வண்டி முதல் சீன்லேர்ந்து கடைசி சீன் வரைக்கும் வண்டியாவே தான் வேலை செய்யுது. சாமான் விக்கறாங்க, ஒளிஞ்சுக்கறாங்க, அதுல தூங்கறாங்க. அதுக்குன்னு நிஜமா ஒரு வேலை இருக்கு, அந்த வேலையோட சேந்து தான் அர்த்தமும் வருது. யாருமே பயன்படுத்தாத பொருளை மேடை நடுவுல நிறுத்தி இது தான் சுதந்திரம், இது தான் அடிமைத்தனம்னா, ஆடியன்ஸ் அதை ரெண்டு நிமிஷத்துல பாத்து முடிச்சிடுவாங்க.

இந்த யோசனை எல்லாம் ஒரே நாள்ல வரல. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மேடையில பெரும்பாலும் துணியில வரைஞ்ச காட்சி தான் பின்னாடி தொங்கும், காடுன்னா காடு வரைஞ்ச படுதா, அரண்மனைன்னா அரண்மனை வரைஞ்ச படுதா. சுவிட்சர்லாந்துக்காரர் அடோல்ஃப் அப்பியா (1862–1928) இதுல ஒரு அடிப்படை முரண் இருக்குன்னு சொன்னார். நடிகரோட உடம்புக்கு நீளம் அகலம் கனம் எல்லாம் இருக்கு, அவருக்குப் பின்னாடி இருக்கற மரமோ தட்டையான ஓவியம், ரெண்டும் எப்டி ஒரே உலகத்துல இருக்க முடியும்? அவர் ஓவியத்தை எடுத்துட்டு படிக்கட்டு, மேடு, சாய்தளம், அதுமேல விழற வெளிச்சம், இதை மட்டும் வச்சார். 1912, 1913ல ஜெர்மனியில ஹெல்லராவ்ங்கிற இடத்துல ‘ஆர்ஃபியஸ்’ இசை நாடகத்துக்கு அவர் போட்டது அப்டிப்பட்ட படிக்கட்டு தான். செத்துப்போன மனைவியைத் தேடி ஒருத்தன் பாதாளத்துக்கு இறங்கணும், அதுக்கு குகை வரையத் தேவையில்ல, மேலேர்ந்து ஒவ்வொரு படியா ஒரு மனுஷன் இருட்டுக்குள்ள இறங்கி வந்தா போதும், நம்ம உடம்பே அந்த இறக்கத்தை உணரும்.

மேடையில உயரம்னா அதனால தான் வெறும் அலங்காரமா நினைக்காதீங்க. யார் மேல நிக்கறாங்க, யார் கீழ, யார் ஏறாம நிக்கறாங்க, இது எல்லாமே அதிகாரத்தைப் பத்தின பேச்சு.

இப்போ ஒரே நாடகத்துக்கு ரெண்டு விதமா குறியீடு வச்சதைப் பாத்தா விஷயம் இன்னும் விளங்கும். ஷேக்ஸ்பியரோட ‘ஹாம்லெட்’. அப்பாவைக் கொன்ன சித்தப்பா ராஜாவா உக்காந்திருக்கான், அம்மா அவனையே கல்யாணம் பண்ணிக்கிட்டா, மகன் நடுவுல தவிக்கிறான். 1912 தொடக்கத்துல மாஸ்கோ கலை அரங்குல ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோட சேந்து இங்கிலாந்துக்காரர் கோர்டன் கிரெய்க் இதைப் போட்டார். உயரமான மடிப்புத் தட்டிங்க தான் செட், அதை நகர்த்தி நகர்த்தி இடம் மாத்தறது. அதுல அரசவைக் காட்சி ஒண்ணு ரொம்பப் பேசப்பட்டது. ராஜாவும் ராணியும் உச்சத்துல உக்காந்திருக்காங்க, அவங்க தோள்லேர்ந்து ஒரு பிரம்மாண்டமான தங்க அங்கி மேடை முழுக்க விரிஞ்சு இறங்குது, அந்தத் துணியில அங்கங்க ஓட்டை, அந்த ஓட்டைங்க வழியா அரசவை ஆளுங்களோட தலை மட்டும் வெளிய தெரியுது. எல்லாரும் ராஜாவோட அங்கிக்குள்ள, ராஜாவோட உடம்புல ஒரு பாகமா ஆயிட்டாங்க. ஹாம்லெட் மட்டும் முன்னாடி, இருட்டுல, அந்தத் தங்கத்துக்கு வெளிய உக்காந்திருக்கான். அந்த நாட்டுல என்ன நடக்குது, அவன் நிலைமை என்னன்னு ஒரே பார்வையில தெரிஞ்சு போச்சு இல்லையா?

1971ல அதே மாஸ்கோவுல தகான்கா அரங்குல யூரி லியுபிமோவ் இயக்கின ஹாம்லெட் வேற மாதிரி. டிசைனர் டேவிட் பொரோவ்ஸ்கி, ஹாம்லெட்டா நடிச்சவர் விளாதிமிர் விசோத்ஸ்கி. கம்பளி நூல்ல பின்னின ஒரு பெரிய திரை, அது தான் செட்டே. சும்மா திறந்து மூடற திரை இல்ல, மேடையில எந்தப் பக்கம் வேணாலும் நகரும், சுத்தும், ஆளுங்களை வாரிக்கிட்டுப் போகும், அதுக்குப் பின்னாடி ஒட்டுக் கேப்பாங்க, அதுலயே சாய்ஞ்சு உக்காருவாங்க. மேடை முன் விளிம்புல நிஜ மண்ணு போட்ட ஒரு குழி, சவக்குழி, நாடகம் முழுக்க திறந்தே இருக்கும். விதின்னு சொன்னாலும் சரி, அரசாங்கம்னு சொன்னாலும் சரி, காலம்னு சொன்னாலும் சரி, எதிர்த்து நிக்க முடியாத ஏதோ ஒண்ணு வந்து மனுஷங்களை அடிச்சுட்டுப் போகுதுங்கறது மட்டும் உறுதி.

ஒரே கதை, ஒரே வசனம். கிரெய்க் அதுல பாத்தது ஆளுங்களை விழுங்கற அரசவை. லியுபிமோவ் பாத்தது ஆளுங்களைத் துடைச்சுப் போடற ஒரு சக்தி. அதனால ‘ஹாம்லெட்டுக்கு என்ன குறியீடு வைக்கலாம்’னு கேட்டா அதுக்குப் பொதுவான பதில் கிடையாது, இந்த நாடகத்துல நீங்க எதைப் பாக்கறீங்கன்னு தான் திருப்பிக் கேக்கணும்.

திரைன்னதும் நமக்கு சிலப்பதிகாரம் ஞாபகம் வராம இருக்காது. அரங்கேற்று காதையில மேடையோட அளவு சொல்லும்போதே மூணு விதமான திரையும் சொல்லுவாங்க, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்துலேர்ந்து வர்றது, ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்து சேர்றது, மறைஞ்சிருந்து வர்றதுன்னு அது எப்டி நகருதுங்கறதை வச்சே பேர். திரை எப்டி வருதுங்கறதுக்கே அர்த்தம் இருக்குன்னு யோசிச்சவங்க தான் அப்டி பேர் வச்சிருக்க முடியும்னு எனக்குத் தோணும்.

சுவரும் அப்டி தான். ஆர்தர் மில்லரோட ‘ஒரு விற்பனையாளரின் மரணம்’ 1949ல நியூயார்க்ல வந்தப்போ ஜோ மெல்சினர் போட்ட வீடு எலும்புக்கூடு மாதிரி இருந்துச்சு, உள்ள எல்லாம் தெரியும், சுத்தி பெரிய அடுக்குமாடிங்க நெருக்கிட்டு நிக்கும். இதுல ஒரு விதி இருக்கு, நிகழ்காலக் காட்சியில நடிகருங்க சுவர் இருக்கறதா மதிச்சு கதவு வழியா தான் போவாங்க வருவாங்க, பழைய நினைவு வரும்போது சுவர் இருக்க வேண்டிய இடத்துலயே சர்வ சாதாரணமா நடந்து வெளிய வந்துடுவாங்க. அடுக்குமாடி மங்கிப்போய் வீடு முழுக்க இலை நிழல் படரும். அந்த வயசான விற்பனையாளரோட புத்தி எப்போ நிகழ்காலத்துல இருக்கு எப்போ நழுவுதுன்னு யாரும் அறிவிக்க வேண்டியதில்ல. நடிகரோட கால் தான் சொல்லுது. செட் ஒரு விதியை வைக்குது, நாடகம் அந்த விதியை மீறுது, மீறுற அந்த இடத்துல தான் கருத்து இருக்கு. இந்த ஒரு உத்தியை மட்டும் நல்லா பிடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

கலர் பத்தி சின்னதா. சிவப்புன்னா கோபம், வெள்ளைன்னா தூய்மை, கறுப்புன்னா தீமைன்னு ஒரு பட்டியல் எல்லா இடத்துலயும் சுத்திட்டு இருக்கு, தயவு செஞ்சு அதை வச்சு செட் பண்ணாதீங்க. ஒரு ஊர்ல வெள்ளை கல்யாணத்துக்கு, இன்னொரு ஊர்ல துக்கத்துக்கு. 1970ல பீட்டர் புரூக் ஷேக்ஸ்பியரோட ‘நடுவேனில் இரவுக் கனவு’ போட்டப்போ டிசைனர் சாலி ஜேக்கப்ஸ் மேடை முழுக்க வெள்ளைப் பெட்டியா ஆக்கிட்டாங்க, காட்டுல நடக்கற கதைக்கு ஒரு மரம் கூட இல்ல, நடிகருங்க ஊஞ்சல் கம்பியில தொங்கறாங்க, மேலேர்ந்து கம்பிச் சுருளை இறக்கினா அது தான் காடு. அங்க வெள்ளைக்கு தூய்மைன்னு அர்த்தமே இல்ல, இது காலி இடம், மிச்சத்தை நீங்களும் நாங்களும் சேந்து கற்பனை பண்ணிக்குவோம்னு அர்த்தம். கற்பனை பத்தின நாடகத்துக்கு கற்பனையைக் கேக்கற செட். உங்க நாடகத்துல பச்சைக்கு என்ன அர்த்தம்னா, உங்க நாடகத்துல பச்சை எப்போல்லாம் வந்துச்சோ அது தான் அர்த்தம். முதல் தடவை வர்றப்போ ஆடியன்ஸ் கவனிப்பாங்க, ரெண்டாவது தடவை சந்தேகப்படுவாங்க, மூணாவது தடவை அவங்களுக்கே தெரியும்.

வெளிச்சத்துக்கும் இதே தான், ஆனா அது உடம்பு மேல நேரா வேலை செய்யறதால இன்னும் சீக்கிரம் உறைக்கும். உச்சந்தலைக்கு மேலேர்ந்து மட்டும் லைட் விட்டா கண்ணு குழிக்குள்ள போயிடும், ஆள் அமுக்கப்பட்ட மாதிரி தெரிவார். பக்கவாட்டுல விட்டா உடம்பு சிலை மாதிரி எழுந்து நிக்கும். தரை மட்டத்துல முன்னாடியிருந்து விட்டா அவரோட நிழல் பின்சுவர்ல பூதம் மாதிரி பெருசா விழும். நல்லவன் ஒருத்தன் மெல்ல அதிகாரத்துக்கு வர்ற கதையில, சீனுக்கு சீன் முன்னாடி இருக்கற லைட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தரைப் பக்கம் இறக்கிட்டே வந்தீங்கன்னா அவன் நிழல் வளந்துட்டே போகும், வேற எந்த செட்டும் தேவைப்படாது.

நான் முதல் முதலா செட் பொறுப்பு எடுத்த நாடகம் ஒரு பொண்ணோட கல்யாண வாழ்க்கை பத்தினது. நான் மேடை நடுவுல ஆள் உயரத்துக்கும் மேல ஒரு கூண்டு கட்டினேன், கம்பி வளைச்சு, ரெண்டு வாரம் உழைச்சேன். பாக்க அழகா இருந்துச்சு. ஆனா திரை திறந்த முதல் நிமிஷமே எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு, ஓ இவ கூண்டுக்கிளின்னு, அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்தக் கூண்டுக்கு சொல்ல எதுவுமே இல்ல, அது பாட்டுக்கு நிக்குது, நடிகருங்க அதைச் சுத்தி இடிச்சுக்காம நடக்கறதே பெரும்பாடு. அதை விட வருத்தம், அந்த நடிகை ரொம்ப நுணுக்கமா பண்ணிட்டு இருந்தாங்க, ஒரு கதவைத் திறக்கப் போய் கையை இழுத்துக்கறது, அது மாதிரி, அதெல்லாம் என் கூண்டுக்கு முன்னாடி யார் கண்ணுலயும் படல.

அதே நாடகத்தை அடுத்த வருஷம் மறுபடி போட்டோம். கூண்டு வேணாம்னு எடுத்துட்டு தரையில சாக்பீஸால ஒரு சதுரம் போட்டோம், அது தான் அடுக்களை. புருஷன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அந்தக் கோட்டை கவனிக்கவே மாட்டாங்க, தாண்டிப் போவாங்க வருவாங்க. அவ மட்டும் கோடு வந்ததும் நின்னுடுவா, அங்கேர்ந்தே கையை நீட்டி தண்ணி குடுப்பா, அங்கேர்ந்தே பேசுவா. இதை யாரும் வசனத்துல சொல்லல. அரை மணி நேரம் கழிச்சு தான் ஆடியன்ஸ் கவனிக்க ஆரம்பிச்சாங்க, அது எனக்கு பக்கத்துலேர்ந்தே தெரிஞ்சுது, ஒரு அமைதி வந்துச்சு, அவ கோட்டு கிட்ட வர்றப்போ எல்லாம் எல்லாரும் அவ காலைப் பாத்தாங்க. டேப் ஒட்டினா தெளிவா இருக்குமேன்னு சிலர் கேட்டாங்க, நான் சாக்பீஸ் தான் வேணும்னு நின்னேன், ஏன்னா மத்தவங்க காலடி பட்டுப் பட்டு அந்தக் கோடு ஏற்கனவே பாதி அழிஞ்சு போயிருக்கும், அழிஞ்ச கோட்டுக்குள்ள தான் அவ இன்னும் நின்னுட்டு இருக்கான்னு கடைசியில அவளுக்கே தெரியணும்.

நீங்க முதல் தடவை முயற்சி பண்றீங்கன்னா, ஸ்க்ரிப்டை கையில வச்சுக்கிட்டு பொருளைத் தேடாதீங்க, வினைச்சொல்லைத் தேடுங்க. இந்த நாடகத்துல எல்லாரும் என்ன பண்ணிட்டே இருக்காங்க? ஒளிக்கறாங்களா, காக்கறாங்களா, பிரிக்கறாங்களா, காத்திருக்காங்களா? அந்த வினையை மேடையில கையால செய்ய வைக்கற பொருள் எதுவோ அது தான் உங்க குறியீடு. அப்புறம் முதல் சீனையும் கடைசி சீனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அந்தப் பொருள் ரெண்டுத்துக்கும் நடுவுல எப்டி மாறியிருக்கும்னு ஒரே வாக்கியத்துல சொல்ல முடியலன்னா இன்னும் அது சரியான பொருள் இல்ல. ஒண்ணு போதும். ஒரு நாடகத்துல கடிகாரம், சங்கிலி, கண்ணாடி, ஏணின்னு நாலு வச்சா நாலும் ஒண்ணை ஒண்ணு பேச விடாது.

அட்டையில ஒரு சின்ன மாடல் செஞ்சு பாருங்க, தொழில்முறை டிசைனருங்க நிறைய பேர் 1:25 அளவுல செய்வாங்க, அதாவது மேடையில 1 மீட்டர்னா மாடல்ல 4 சென்டிமீட்டர், 170 சென்டிமீட்டர் உயர ஆள் 7 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவா வருவார். அந்தக் குட்டி மனுஷனை வெட்டி உள்ள நிறுத்தாம மாடலைப் பாக்காதீங்க. ஆள் இல்லாம அழகா இருக்கற செட் பெரும்பாலும் ஆள் வந்ததும் கெட்டுப் போகும். கடைசி வரிசையில உக்காந்திருக்கறவர் கண்ணுக்கும் பாருங்க, மோதிரம், கடுதாசி மாதிரி சின்னப் பொருளு அங்க தெரியாது, நடிகர் அதைப் பிடிக்கற விதத்தால மட்டும் தான் தெரியும்.

முன்னாடி சொன்ன அந்த சொத்து பிரிக்கற கதைக்கே வருவோம், செஞ்சு காட்டறேன். அப்பா செத்துட்டார், ரெண்டு மகன், ஒரு மகள், வீட்டைக் காலி பண்ண வந்திருக்காங்க. மகள் தன் இஷ்டத்துக்கு கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு வருஷக்கணக்கா அந்த வீட்டுக்குள்ள விடல. இங்க வினை என்ன? எடுக்கறது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணா எடுக்கறாங்க. அப்போ எனக்கு ஒரு சுவர் போதும். பல வருஷம் படம் மாட்டியிருந்த இடத்துல, படத்தை எடுத்தா சுவர்ல அந்த அளவுக்கு ஒரு பளிச்சுனு சதுரம் தெரியுமே, பாத்திருப்பீங்க, சுத்தி மங்கிப் போயிருக்கும், படத்துக்குப் பின்னாடி மட்டும் அந்தக் காலத்து பெயின்ட் புதுசாவே இருக்கும். அது தான்.

செய்யறது கஷ்டமில்ல. பலகையில முதல்ல முழுக்க நல்ல வெளிர் நீலம் அடிச்சு காய விடுங்க. படம், கண்ணாடி, காலண்டர், கடிகாரம் எங்கெங்க வரணுமோ அங்கெல்லாம் அந்த அளவுக்கு பேப்பர் வெட்டி ஓரத்துல டேப் ஒட்டிடுங்க. அப்புறம் பழுப்பு பெயின்ட்ல நிறைய தண்ணி கலந்து மேல லேசா பூசுங்க, ஓரங்கள்ல இன்னும் கொஞ்சம் அழுக்கா. காஞ்சதும் பேப்பரை உரிச்சா பளிச்சுனு சதுரங்கள் வந்துடும். அது மேல படங்களை மாட்டி மறைச்சிடுங்க.

நாடகம் போகப் போக மகன்கள் ஒவ்வொண்ணா கழட்டறாங்க, பேச்சு நடுவுல, சண்டை நடுவுல, சிரிப்பு நடுவுல. லைட்டெல்லாம் அணைச்ச பிளாக்அவுட்ல மேடை ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போகக் கூடாது, அப்டி பண்ணா அது வெறும் செட் மாத்தறது, குறியீடு செத்துடும். ஒவ்வொரு தடவையும் ஒரு சதுரம் வெளிய வருது, வீடு காலியாக ஆக சுவர் நிறைய இல்லாமை நிறையுது. ஆனா நான் இதுல ஒண்ணு மட்டும் முதல்லயே வேற மாதிரி வைப்பேன். திரை திறக்கும்போதே, இத்தனை படத்துக்கு நடுவுல ஒரு சதுரம் காலியா இருக்கணும். மத்த சதுரங்களை விட கொஞ்சம் மங்கலா, ஏன்னா அது இன்னிக்கு நேத்து எடுத்தது இல்ல. யாரும் அதைப் பத்தி பேசக் கூடாது. மகள் மட்டும் உள்ள வந்ததும் ஒரு தடவை அதைப் பாத்துட்டு கண்ணை எடுத்துக்கணும்.

கடைசி சீன்ல அண்ணனுங்க போயிட்டாங்க. அப்பாவோட பீரோவுல துணிங்களுக்கு அடியில அவளுக்கு ஒரு ஃப்ரேம் கிடைக்குது, அவளோட போட்டோ. அவ அதை எடுத்துட்டுப் போகலாம். அவ எடுத்துட்டுப் போகல, அந்த மங்கின சதுரத்துல மாட்டிட்டு வெளிய போறா. முதல்ல சுவர் நிறைய படம், ஒரு இடம் காலி. இப்போ சுவர் முழுக்க காலி, ஒரே ஒரு படம். ஆள் இல்லாத மேடையில லைட் அந்த ஃப்ரேம் மேல பத்து விநாடி நிக்கட்டும்.

இது நடக்கணும்னா மறக்காம ஒரு வேலை பண்ணுங்க. அந்தக் காலி சதுரத்துல ஆணி முதல் சீன்லேர்ந்தே இருக்கணும். அப்பா படத்தைத் தான் எடுத்தார், ஆணியைப் பிடுங்கல.